தொப்பியில் ஒரு சூட்டுக்குறி

பனிச்சிறுத்தை தீர்ந்துபோய்விட்டது என்று தலைநகரிலிருந்து கடிதம் வந்தது.

கேப்டன் எசென்கூல் அதை மூன்று முறை படித்தான். “இதுவரை பதினொரு ரெஜிமென்ட்டுகள் தங்கள் தொப்பிச் சின்னத்துக்கான படத்தை அனுப்பியுள்ளன. அவற்றில் ஒன்பதில் பனிச்சிறுத்தை உள்ளது. இனி பனிச்சிறுத்தை ஏற்கப்படாது. கழுகும் போதுமான அளவு வந்துவிட்டது.” கீழே, சின்னக் குழுவின் செயலர் மேஜர் கனிஷாய் என்று நிமிர்ந்த எழுத்தில் ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே மூன்று விதிகள். பழைய நட்சத்திரம் கூடாது. நிலத்தின் இயல்பும் படையின் கடமையும் தெரிய வேண்டும். எந்தக் குலத்தின் அடையாளமும் கூடவே கூடாது.

மேசைமேல் அவனுடைய பனிச்சிறுத்தை படுத்திருந்தது. மூன்று வாரம் மயிர் மயிராக வரைந்த மீசை. அதைத் திருப்பிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அணிவகுப்பு மைதானத்தில் சிப்பாய்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ரஷ்யர்களை விட்டு நாடு தனியாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. தொப்பியில் இருந்த நட்சத்திரத்தைக் கழற்றியாயிற்று. ஆனால் வெயிலில் தொப்பி வெளுத்த அளவுக்கு நட்சத்திரம் இருந்த இடம் வெளுக்கவில்லை. எல்லார் நெற்றியிலும் ஐந்து முனையோடு ஒரு பச்சைத் தழும்பு. கழற்றிய பிறகுதான் நட்சத்திரம் நன்றாகத் தெரிந்தது.

அன்று மாலையே கர்னல் தொக்தோனாலி அவனைக் கூப்பிட்டார். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஒரு வாரமாகப் பல்வலி.

“என்னய்யா, சிறுத்தை செத்துப்போச்சாமே?”

“ஆமாங்க, தோழர் கர்னல்.”

“வேற எதாவது வரை. பதினெட்டாம் தேதி அந்தச் சின்னக் குழு அம்மா நேர்ல வருது. அன்னிக்குப் படம் பாஸாகணும். பாஸானா அந்த வீட்டுச் சாவி உனக்கு. சொன்னா சொன்னதுதான். இல்லேன்னா பல் டாக்டருக்குக் குடுத்துடுவேன்.” கன்னத்தைத் தடவிக்கொண்டார். “அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். அதுவும் என் வாய்க்குள்ள கையை வெச்சுக்கிட்டுக் கேக்கறான். நான் எப்பிடி மாட்டேன்னு சொல்ல முடியும்?”

அந்த வீடு என்றால், மேஜர் கொலெஸ்னிகோவ் தன் ஊரான வரோனெஷுக்குப் போனபோது காலி செய்த வீடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை, தெற்குப் பார்த்த பால்கனி. கோக்-பெல் முகாமில் காலியாக இருந்த ஒரே குடும்ப வீடு அதுதான். எசென்கூல் நான்கு வருடமாக அதிகாரிகள் விடுதியில் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தான். மனைவி புருலும் இரண்டு குழந்தைகளும் தலாஸில் அவள் அப்பா வீட்டில் இருந்தார்கள். ஆரம்பத்தில் அவள் கடிதம் நான்கு பக்கம் வரும். பிறகு இரண்டு பக்கம் ஆயிற்று. கடைசியாக வந்ததில் ஒரே வரி: ‘வரட்டுமா வேண்டாமா?’

அவன் இன்னும் பதில் எழுதவில்லை. பேச்சில் எப்போதும் பிந்திப்போகிறவன் அவன். ஒருவர் கேள்வி கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய், எல்லாப் பக்கமும் பார்த்து, பதிலோடு திரும்பி வருவதற்குள் கேட்டவர் போயிருப்பார். அதனாலேயே அவனை ரெஜிமென்ட் மனமகிழ் மன்றத்துக்குப் பொறுப்பாளனாகப் போட்டிருந்தார்கள். பலகை எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் வாய் எதற்கு?

மறுநாள் அதிகாரிகள் கூட்டம். எந்த மிருகம் என்பதுதான் பேச்சு.

“ஓநாய்,” என்றார் துணைத் தளபதி பெய்ஷென். தடித்த கழுத்தும் கட்டைக்குரலும் உள்ள மனிதர்.

“இந்தப் பள்ளத்தாக்குல எல்லார் வீட்லயும் ஆடு இருக்கு. தொப்பியில ஓநாயோட கடைத்தெருவுக்குப் போனா நமக்கு எவ தயிர் விப்பா?” என்றார் கர்னல். “வளைஞ்ச கொம்புள்ள மலையாடு போடலாம். கம்பீரமா இருக்கும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த கிடங்குக்காரர் ஸ்தெபான் இருமினார். ரஷ்யர். எல்லாரும் ஊருக்குப் போன பிறகும் போகாதவர். கேட்டால், கிடங்குச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பார்.

“தோழர் கர்னல், எங்காளுங்க வழக்கத்துல ஒருத்தன் தலையில கொம்பு இருக்குன்னா, அவன் பொண்டாட்டி வேறெங்கயோ போய் வர்றான்னு அர்த்தம். எல்லைக்கு அந்தப் பக்கம் காவல்ல இருக்கறது இன்னும் எங்காளுங்கதான். எண்ணூறு பேரு தலையில கொம்போட போய் நின்னா, அவனுங்க சிரிக்கவே வருஷம் போதாது.”

மலையாடு போயிற்று. யாரோ கவரிமா என்றார்கள். உண்மையில் மேல் காவல் சாவடிக்கு அரிசி, எண்ணெய், தோட்டா எல்லாவற்றையும் சுமந்து போவது கவரிமாதான்.

“அதைத்தானே மத்தியானம் தின்னோம்,” என்றார் கர்னல். அத்துடன் கூட்டம் முடிந்தது.

எசென்கூல் முகாமுக்குப் பின்னால் உள்ள ஊற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தான். யோசனை ஓடாதபோது போகிற இடம். அங்கே ஒரு பெரிய கறுப்புப் பாறை. அதில் ஒரு பழைய செதுக்கல். மேலே வாய் திறந்த பிறை, அதன் கீழே ஒரு தண்டு. பாசி படிந்து, மழை தேய்த்து, ஆயிரம் வருடம் பார்த்த மாதிரி இருந்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அது தொப்பியில் எப்படி இருக்கும் என்று பார்த்தான்.

மிருகமே வேண்டாம். அன்று ராத்திரிக்குள் படம் முடிந்தது. கேடய வடிவம், பின்னால் நீல மலை, முன்னால் பொன் நிறத்தில் அந்தப் பிறையும் தண்டும். சின்னத்தோடு ஒரு பக்க விளக்கம் வைக்க வேண்டும் என்பது விதி. ‘பிறை, இரவெல்லாம் விழித்திருக்கும் காவல். தண்டு, நிமிர்ந்து நிற்கும் வீரன். இம்மண்ணின் பெயரறியாத பண்டைய மக்கள் நமக்கு விட்டுச்சென்ற அடையாளம்’ என்று எழுதினான். எழுதி முடித்ததை அவனே இரண்டு முறை படித்துப் பார்த்தான்.

காலையில் கர்னல் படத்தைப் பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பல்வலி என்று எசென்கூல் நினைத்தான்.

“ஏய்யா,” என்றார் குரல் இறங்கி. “உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. ஊத்துப் பாறையில பாத்தேன்.”

“அதை வெட்டுனது எங்க தாத்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணுல. அந்த ஊத்து எங்களுதுன்னு காட்டறதுக்காக. கராதெக்கே குலத்துச் சூட்டுக்குறி இது. எங்க வீட்டுக் குதிரை ஒவ்வொண்ணோட தொடையிலயும் இருந்தது.” அவர் பேனாவை எடுத்தார். “வெளியே யார்கிட்டயும் சொல்லாதே. விளக்கத்துல பண்டைய மக்கள்னே இருக்கட்டும். தாத்தாவும் பழைய ஆளுதானே.”

கையெழுத்துப் போட்டு, ரெஜிமென்ட் முத்திரையை ஊதி ஊதிப் பதித்தார். பிறகு முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேல் காவல் சாவடியைப் பார்வையிட மூன்று நாள் பயணமாகக் கிளம்பிவிட்டார். பதினெட்டாம் தேதிக்கு நேரே வந்துவிடுவதாகச் சொன்னார்.

எசென்கூலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் வளர்ந்த கூட்டுப்பண்ணையில் குதிரைத் தொடையில் எண் மட்டும்தான் இருக்கும். நாற்பத்தேழு, நூற்றுப் பன்னிரண்டு என்று. குலத்துக்கொரு சூட்டுக்குறி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறானே தவிர, எது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. இப்போது மூன்றாம் விதியை உடைத்த படம் கையில் இருக்கிறது. வேறு வரையலாம் என்றால், முத்திரை மலைமேல் போய்விட்டது. முத்திரையில்லாத படத்தைக் குழு தொடாது.

சரி, யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தான். ஆனால் பழைய காலத்திலிருந்தே ஒரு வழக்கம். ரெஜிமென்ட்டுக்குப் பொதுவான எதுவும் மூன்று நாள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்க வேண்டும், எல்லாரும் பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக. கருத்து யாரும் சொன்னதில்லை. ஆனால் தொங்கவிடாமல் இருந்ததும் இல்லை. அலுவலக எழுத்தரே வந்து படத்தை வாங்கிப்போய் மாட்டிவிட்டார்.

மதியம் பெய்ஷென் சூப்புக் கிண்ணத்தோடு அதன் முன்னால் நின்றார். சூப்பு ஆறிப்போகும்வரை நின்றார்.

“கேப்டன்.”

“சொல்லுங்க.”

“இது கராதெக்கேக்காரன் குதிரைச் சூடு.”

எசென்கூல் படத்தையும் அவரையும் பார்த்தான்.

“சூடு எதுக்குப் போடறோம்? இந்தக் குதிரை என்னுதுன்னு சொல்றதுக்கு. நாளைக்கு இதை என் நெத்தியில மாட்டிக்கிட்டு நான் நிக்கணும். அப்ப நான் யாரு? தொக்தோனாலியோட குதிரையா?” கிண்ணத்தைத் தொப்பென்று வைத்தார். “எண்ணூறு உருப்படி மந்தை! அவங்க தாத்தாவுக்குக்கூட அறுபதுதான் இருந்துச்சு!”

“கழட்டிடட்டுங்களா?”

“கழட்டாதே. கர்னல் கையெழுத்து இருக்கு. கழட்டுனா ஒழுங்கு மீறல்.” பெய்ஷென் சட்டைப்பையிலிருந்து அழியாத பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, தண்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் அமைதி வந்தது.

“இது என்னங்க?”

“கருத்து,” என்றார் பெய்ஷென்.

அன்று மாலை கிடங்கில் ஸ்தெபான்தான் விஷயத்தை விளக்கினார். இருபத்தாறு வருடம் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர், எல்லாக் குலத்துக் கல்யாணத்திலும் குடித்தவர்.

“உனக்கு ஒண்ணும் தெரியாதா? அந்தக் காலத்துல சாரிகுலாக்காரன் கராதெக்கேக்காரன் குதிரையைத் திருடுனா என்ன பண்ணுவான்? பழைய சூட்டை அழிக்க முடியாது. அதனால குறுக்கே ஒரு கோடு சேத்துச் சுட்டுடுவான். இப்பக் குதிரை அவனுது. பெய்ஷென் சாரிகுலா. அவரு உன் படத்தைத் திருடிட்டாரு தம்பி.”

“அழிச்சா?”

“அழியாத பென்சில் அது. நான்தான் கிடங்குலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்.”

மறுநாள் காலை தண்டின் அடியில் ஒரு கொக்கி முளைத்திருந்தது. உணவுப் பொறுப்பு மேஜர் யாரையும் பார்க்காமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மத்தியானம் பிறைக்கு மேலே இன்னொரு சின்னப் பிறை வந்தது. கம்பியில்லாத் தந்திக்காரர்களின் தலைவர் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தார். மூன்றாம் நாள் எசென்கூல் படத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பல் டாக்டர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர்.

“கேப்டன், உங்களுக்குக் கடைவாய்ல வலி இருக்கா?”

“இல்லீங்க.”

“முகத்தைப் பாத்தா இருக்கற மாதிரி இருக்கே. மேலே பாருங்க. வாயைத் திறங்க. இன்னும் நல்லா.”

அவன் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தான். வாயை மூடிக் குனிந்தபோது பிறைக்குள் ஒரு புள்ளி இருந்தது. டாக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அந்த இரவு அவன் புருலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தான். ‘அன்புள்ள புருல்’ என்று எழுதினான். பிறகு நெடுநேரம் அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் தனக்கென்று எதையும் சொந்தம் கொண்டாடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. நான்கு வருடம் ஒரு கட்டில்வரை போகலாம் போலிருக்கிறது. விளக்கை அணைத்தான்.

பதினெட்டாம் தேதி மேஜர் கனிஷாய் ஜீப்பில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான பெண்மணி, தடித்த கண்ணாடி. பாதையெல்லாம் குலுங்கி வந்திருந்ததால் முகத்தில் சிரிப்பில்லை. கர்னல் மலையிலிருந்து அப்போதுதான் வந்து, பூட்ஸில் பனியோடு நின்றார். படத்தில் புதிதாக ஏறியிருந்த கோடுகளை அதுவரை அவர் பார்க்கவில்லை.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேசைமேல் படத்தை விரித்தார்கள். கர்னலின் வீங்கிய கன்னம் சிவந்தது. வீங்காத கன்னமும் சிவந்தது. அவர் பெய்ஷெனைப் பார்த்தார். பெய்ஷென் கூரையைப் பார்த்தார்.

மேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“விளக்கத்துல பிறை ஒண்ணு, தண்டு ஒண்ணுன்னு இருக்கு. இங்கே பிறை ரெண்டு, கோடு, கொக்கி, புள்ளி எல்லாம் இருக்கே. இது என்ன?”

படத்தில் தங்கள் குலக்குறி உள்ள ஐந்து பேருக்கும் இது என்னவென்று தெரியும். ஐந்து பேரும் ஐந்து பதில் வைத்திருந்தார்கள். ஆனால் எந்தப் பதிலைச் சொன்னாலும் மூன்றாம் விதியில் போய் முட்டும்.

“வரைஞ்சது யாரு?”

எசென்கூல் ஓரடி முன்னால் வந்தான். அந்த அம்மாள் அவனையே பார்த்தார். அவன் வழக்கம்போலக் கேள்வியை உள்ளே கொண்டுபோனான். பண்டைய மக்கள் என்று சொல்லலாம். கருத்துகள் என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்த முறை கேட்டவர் போய்விடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படாத ஒருவரை அவன் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

“குதிரைச் சூடுங்க,” என்றான் கடைசியில். “முதல்ல ஒருத்தரோடது. எனக்குத் தெரியாம வரைஞ்சுட்டேன். அப்புறம் நாலு பேரு அதுமேல அவங்கவங்க சூட்டைப் போட்டுட்டாங்க. விதிப்படி இது தப்பு.”

பின்னால் ஸ்தெபான் ரஷ்ய மொழியில் மெதுவாகக் கடவுளைக் கூப்பிட்டார்.

மேஜர் மறுபடி குனிந்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டார். “கராதெக்கே. சாரிகுலா. இந்தக் கொக்கி கீழ்க்கரைக்காரங்களோடது.” அவர் குரல் மாறியிருந்தது. “எங்கப்பா குதிரை மேய்ச்சவரு. சந்தையில இந்த மாதிரித் தொடையோட ஒரு குதிரை வந்தா வீட்டை வித்தாவது வாங்கிடணும்பாரு.”

“ஏங்க?” என்றார் கர்னல் தன்னை மறந்து.

“நாலு தடவை திருடு போயிருக்கு பாருங்க. நோஞ்சான் குதிரையை எவன் நாலு தடவை திருடுவான்?”

யாரோ சிரித்தார்கள். பெய்ஷெனாகத்தான் இருக்க வேண்டும், கட்டைக்குரலில் அது சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியவில்லை.

“எந்தக் குலத்தோட அடையாளமும் கூடாதுன்னு விதி,” என்றார் மேஜர். “இதை எந்தக் குலம் தன்னோடதுன்னு சொல்ல முடியும்? சொல்லுங்க பாப்போம். அஞ்சு சூடு விழுந்த குதிரை எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லே. என் மேசையில ஒன்பது சிறுத்தை படுத்திருக்கு, கேப்டன். ஒண்ணுகூட இந்த மாதிரி உண்மை பேசலே.” பையிலிருந்து தன் முத்திரையை எடுத்துப் பதித்தார். “விளக்கத்தை மட்டும் திருத்தி அனுப்புங்க. சாப்பாடு எங்கே?”

சாப்பாடு முடிந்து ஜீப் கிளம்பிப்போன பிறகு, எசென்கூல் கர்னலின் அறையில் போய் நின்றான். கேட்க வாய் வரவில்லை. சும்மா நின்றான். பெய்ஷெனும் ஏதோ காகிதத்தோடு அங்கே இருந்தார்.

“சாவிக்கு வந்தியா?” கர்னல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “நான் சாவி தர்றேன்னது எங்க தாத்தா சின்னத்துக்கு. பாஸானது அது இல்லையே. அது ஏதோ அஞ்சு பேரு சேந்து கிறுக்குனது.”

எசென்கூல் வாசல் பக்கம் திரும்பினான்.

“சரியாச் சொன்னீங்க, தோழர் கர்னல்,” என்றார் பெய்ஷென். “அது உங்களுது இல்லே. கோடு போட்டதும் எங்களுது ஆயிடுச்சு. உங்க வாயாலயே ஒத்துக்கிட்டீங்க. நான் வெளியே போய்ச் சொல்லிடறேன்.”

கர்னல் நாற்காலியை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினார்.

“எவன் சொன்னான் என்னுது இல்லேன்னு? அடியில இருக்கறது யாரு சூடு? முதல் சூடு யாருதோ அவன்தான் சொந்தக்காரன். மத்தவனெல்லாம் திருடன்.” மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து டக்கென்று வைத்தார். “இந்தா. என் சின்னத்துக்கு நான்தான் கூலி குடுப்பேன். எல்லார்கிட்டயும் சொல்லு, கர்னல் குடுத்தார்னு!”

பெய்ஷென் சாவியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “உன் குடும்பம் எங்கே இருக்கு, கேப்டன்?”

“தலாஸுங்க.”

“நாளைக்குக் காலையில என் லாரி தலாஸ் போகுது. சாமான் செட்டு, குழந்தை குட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு வரும். என் சின்னத்துக்கு நானும் கூலி குடுப்பேன். சாரிகுலாக்காரன் ஓசியில வாங்கிட்டான்னு ஒருத்தன் பேசக் கூடாது.”

சேதி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. கொடுக்காதவனின் கோடு செல்லாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஸ்தெபானின் முகம் மட்டும் ரொம்பச் சாதுவாக இருந்தது. அன்று மாலைக்குள் உணவு மேஜர் ஒரு மூட்டை மாவும் கொழுத்த கிடாவும் அனுப்பினார். தந்திக்காரர் வானொலிப் பெட்டி கொண்டுவந்தார். கடைசியில் பல் டாக்டர் வந்தார். அந்த வீட்டின் ஜன்னல்களுக்கென்று அளவெடுத்துத் தைத்து வைத்திருந்த திரைச்சீலைகள் அவர் கையில் மடித்தபடி இருந்தன.

“எனக்கு இனிமே எதுக்கு?” என்றார். “ஆனா புள்ளி என்னுது. அது தெரியணும்.”

நான்காம் நாள் புருல் வந்து இறங்கினாள். குழந்தைகள் அறைக்கு அறை ஓடினார்கள். பால்கனியில் கிடா கட்டியிருந்தது. புருல் மாவு மூட்டையைப் பார்த்தாள், வானொலியைப் பார்த்தாள், தெற்கு ஜன்னலில் கச்சிதமாகப் பொருந்தியிருந்த திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்வளவையும் எப்படிப் பேசி வாங்குனீங்க? நீங்களா?”

எசென்கூல் யோசித்தான். அவள் திரையை விட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள். இரண்டையும் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்து, கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

“மெதுவாச் சொல்லுங்க,” என்றாள் புருல். “நான் இங்கேதானே இருக்கப்போறேன்.”